நிறமூர்த்த நுனியும் ஒரு கலாநிதிப் பட்ட ஆய்வும்

கலம் பிரியுந்தோறும் அதன் டி.என்.ஏ. இரட்டிக்கின்றது. ஆயின் இரட்டிப்பை நிகழ்த்தும் நொதியம், நேர்கோட்டு நிறமூர்த்தத்தின் இறுதி நுனியை முற்றாகப் பிரதிசெய்ய வல்லதன்று. இக்குறையை 1971இல் சோவியத் உயிரியலாளர் அலெக்சி ஒலொவ்னிக்கோவும் 1972இல் ஜேம்ஸ் வாட்சனும் தனித்தனியே சுட்டிக்காட்டினர். அவ்வாறாயின் தலைமுறைதோறும் நுனி குறுகி உயிரினங்கள் அற்றுப்போயிருத்தல் வேண்டுமன்றோ? இவ்வினாவுக்கான விடையின் முதற்கூறு, கலிபோர்ணியாவின் அரச பல்கலைக்கழகமாகிய பேர்க்கிளியில், 23 வயதுக் கலாநிதிப் பட்ட மாணவியொருவரின் கையில் வெளிப்பட்டது.

கரோல் கிரைடர் என்னும் அம்மாணவி எளிதில் அனுமதி பெற்றவரல்லர். வாசிப்பில் இடர்தரும் டிஸ்லெக்சியா காரணமாகப் பட்டமேற்படிப்புக்குரிய பொதுப் பரீட்சையில் அவரது புள்ளிகள் குறைந்தன. ஆய்வுகூட அனுபவமும் நல்ல பெறுபேறுகளும் இருந்தும், விண்ணப்பித்த பல்கலைக்கழகங்களுட் பெரும்பாலானவை அவரை ஏற்கவில்லை. (ஒருநாட் பரீட்சை எதனை அளக்கின்றது என்பது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.) ஏற்றுக்கொண்ட சிலவற்றுள் பேர்க்கிளியும் ஒன்று.

அவருடைய ஆசிரியர் எலிசபெத் பிளக்பேர்ன் தஸ்மேனியாவிற் பிறந்தவர். குளத்து நீரில் வாழும் டெட்ராஹைமீனா என்னும் ஒருகல உயிரியின் நிறமூர்த்த நுனிகளில், அதாவது டெலோமியர்களில், ஆறு மூலங்கள் கொண்ட சிறு தொடரொன்று மீண்டும் மீண்டும் வருவதை ஜோசப் கோலுடன் இணைந்து 1978இல் வெளியிட்டவர். மனிதக் கலமொன்றில் இத்தகைய நுனிகள் 92, இவ்வுயிரியிலோ பல்லாயிரம். பின்னர் ஜாக் சொஸ்டாக்குடன் இணைந்து அந்நுனிகளை மதுவக் கலத்தினுட் செலுத்தியபோது, அவற்றின்மேல் மதுவத்துக்குரிய தொடர் புதிதாகச் சேர்ந்திருந்தது. யார் சேர்த்தது? அறியப்படாத நொதியமொன்று உண்டென்று பிளக்பேர்ன் ஐயுற்றார். டி.என்.ஏ. துண்டுகளின் மீளிணைவே போதுமென்று வேறு சிலர் கருதினர்.

இல்லாத நொதியமொன்றைத் தேடினால் ஆண்டுகள் வீணாகும், பட்டமும் எட்டாது. எனினும் கிரைடர் 1984இல் அத்தேடலைத் தாமே ஏற்றார். டெட்ராஹைமீனாக் கலச்சாற்றுடன், டெலோமியர்த் தொடரைக் கொண்ட செயற்கை டி.என்.ஏ. துண்டையும் கதிர்த்தொழிற்பாடுள்ள மூலக்கூறுகளையும் கலந்து, விளைவை ஜெல்லில் ஓடவிட்டார். அவ்வாண்டு நத்தார் தினத்தன்று ஆய்வுகூடத்துக்குச் சென்று எக்ஸ்கதிர்ப் படத்தாளைக் கழுவியெடுத்தபோது, ஆறு ஆறு மூலங்களாக உயரும் ஏணிப்படிகள் அதிற் பதிந்திருந்தன.

பலர் இத்துடன் கதையை முடிப்பர். ஆயினும் மெச்சத்தக்கவை அடுத்து வந்த மாதங்களே. வழக்கமான இரட்டிப்பு நொதியம் ஏதேனும் இம்மாயத்தைக் காட்டியிருக்குமோ என ஆசிரியரும் மாணவியும் தமது முடிவையே எதிர்த்து வினவினர். மதுவத்தின் நுனித்தொடரைக் கொடுத்தபோதும் அச்சாறு டெட்ராஹைமீனாவின் தொடரையே அதன்மேற் சேர்த்தது. கொடுத்த துண்டைப் பார்த்துப் பிரதிசெய்யும் நொதியம் இதுவன்று என்பது அப்போது தெளிவாயிற்று. 1985 டிசம்பரில் வெளியான கட்டுரையில் மாணவியின் பெயர் முன்னும் ஆசிரியரின் பெயர் பின்னுமாக இரு பெயர்களே இருந்தன.

அச்சு எங்கிருந்து வந்தது என்பது எஞ்சிய வினா. ஆர்.என்.ஏ.யைச் சிதைக்கும் நொதியத்தைச் சேர்த்ததும் தொழிற்பாடு நின்றுபோனது. தனக்குரிய அச்சை இந்நொதியம் தன்னுள்ளேயே சுமந்திருந்தது. கிரைடர் 1987இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். டெலோமரேஸ் எனப் பெயர்பெற்ற இந்நொதியத்தின் ஆர்.என்.ஏ. தொடரை 1989இல் இருவரும் வெளியிட்டனர். 2009இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பிளக்பேர்ன், கிரைடர், சொஸ்டாக் ஆகிய மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.