டைனமோவில் கேட்ட செய்தி

1990 யூனில் போர் மீண்டும் மூண்டதும் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் பெற்றோல், பற்றரி, சவர்க்காரம் எல்லாம் அருமையாயின. மண்ணெண்ணெய் யானை விலை.

ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, சின்னத் திரி பொருத்தினோம். போத்தலே சிமினி, காற்றுக்கு அணையாது. நான் படித்தது அந்த வெளிச்சத்தில்தான்.

இரவில் அண்ணா சைக்கிளைக் கவிழ்த்து மிதியைக் கையால் சுற்றுவார். டைனமோ மின்சாரத்தில் வானொலி பாடும். பிபிசி தமிழோசை முடியும்வரை சுற்றவேண்டும். கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும்.

மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின, கிளப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோல். உடுப்புத் தோய்க்கப் பனங்களி. அந்த வாசனைக்குக் கொடியில் காயும் சேலையை மாடு சப்பும்!

அந்த ஜாம் போத்தல் விளக்கு உங்கள் வீட்டில் மிஞ்சியிருந்தால் எறிந்துவிடாதீர்கள். பிள்ளைகளுக்கு ஏற்றிக் காட்டுங்கள்.