மடியில் கனம் – 6: வட்டி தவறாத கம்பெனி

லண்டன். 1906 அக்டோபர் 20, சனிக்கிழமை. பேட்ரிக் மக்ஃபாடியன் என்ற வணிகர் நகரின் சுரங்க ரயில் பாதையில் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அவர் பெயரை மதராஸில் கேள்விப்பட்டவர்கள் குறைவு. ஆனால் மதராஸ்காரர்களின் பணம் அவர் கையில் இருந்தது. ஒரு நாள் இடைவெளிதான். 22ஆம் தேதி, திங்கட்கிழமை, கடற்கரையோரம் இருந்த அர்பத்நாட் கம்பெனி பணம் கொடுப்பதை நிறுத்தியது.

அடுக்குப் பானையிலும் தரைக்கு அடியிலும் பணத்தைப் பதுக்கி வைத்தவர்கள், அதை எடுத்து ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் கொடுக்கும் துணிவை எங்கிருந்து பெற்றார்கள் என்ற கேள்வியோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். அந்தத் துணிவைக் கொடுத்தது ஒரு பெயர்.

பாரி, பின்னி, அர்பத்நாட். மதராஸ் வணிகத்தில் இந்த மூன்றும்தான் பெரிய வீடுகள். அர்பத்நாட்டுக்கு ஏறக்குறைய நூறு வயது. தலைவர் ஜார்ஜ் அர்பத்நாட், அரசாங்கத்திடம் 'சர்' பட்டம் பெற்றவர். ஏற்றுமதி, ஏஜென்சி என்று பல தொழில்களோடு வைப்புத்தொகையும் வாங்கினார்கள். பென்ஷன் வாங்கியவர்கள், விதவைகள், வக்கீல்கள், ஜமீன்தார்கள், இங்கேயே குடியிருந்த ஆங்கிலேயர்கள் எல்லோரும் போட்டார்கள். வட்டி நாள் தவறாமல் வந்தது. தவறாமல் வரும் வட்டியைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

அந்த வட்டி எங்கிருந்து வந்தது என்பதுதான் யாருக்கும் தெரியாது. அர்பத்நாட் ஒரு கூட்டு வியாபாரம். கணக்கை ஊரறிய வெளியிட வேண்டிய கட்டாயம் அதற்குக் கிடையாது. தட்டிக் கேட்க ரிசர்வ் வங்கி இல்லை; அது 1935இல்தான் வந்தது. போட்ட பணத்துக்குக் காப்பீடு வர 1962 வரை காத்திருக்க வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இங்கே அளக்கும் படியே போட்டவர் கையில் இல்லை.

உள்ளே நடந்தது இதுதான். லண்டனில் கம்பெனியின் கூட்டாளியான மக்ஃபாடியன் பெரும் ஊக முதலீடுகளில் இறங்கினார். நஷ்டம் வந்தது. அதை ஈடுகட்ட மறுபடியும் பணம் போனது. கம்பெனி முழுகிப் பல காலம் ஆகியும் வைப்புத்தொகை வாங்குவதை நிறுத்தவில்லை. நேற்று போட்டவருக்கு வட்டி கொடுக்க, இன்று போடுபவர் தேவைப்பட்டார்.

கடன் பத்து லட்சம் பவுனுக்கு மேல். அன்றைய மதிப்பில் பவுனுக்குப் பதினைந்து ரூபாய். ஆக ஒன்றரைக் கோடி ரூபாய். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு அதில் இருந்தது. நீதிமன்றம் மோசடி என்று கண்டு சர் ஜார்ஜுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் விதித்தது. துரை சிறைக்குப் போனதால் எந்த விதவைக்கும் முதல் திரும்பவில்லை.

'படிக்காத சனம், பேங்கை நம்பாது' என்று இன்றும் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். 1906இல் ஏமாந்தவர்களில் ஹைகோர்ட் வக்கீலும் உண்டு. பணத்தைப் பானையில் வைத்திருந்தவர் தப்பித்தார். வைப்புக் கணக்கில் வைத்திருந்தவர் தெருவுக்கு வந்தார். பார்த்ததைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தார்கள். அந்த அவநம்பிக்கையை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. கை சுட்ட குடும்பங்கள் போட்ட கணக்கு அது.

இந்த நேரத்தில்தான் ஊர் எதிர்பாராத ஒன்று நடந்தது. பணம் இழந்த இந்தியர்களுக்காக வாதாடிய மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர், கம்பெனியின் வீழ்ச்சியை அருகிலிருந்து பார்த்தவர். இனி வங்கியே வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் ஊரே தலையாட்டியிருக்கும். அவரோ இந்தியர்களே நடத்தும் வங்கி ஒன்று வேண்டும் என்றார்!

காலம் அதற்குத் தோதாகவும் இருந்தது. அர்பத்நாட் விழுவதற்கு ஆறே நாள் முன்னால், அக்டோபர் 16 அன்று, வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாகியிருந்தது. கப்பலுக்குப் பங்கு வாங்கலாம். கப்பல் கண்ணுக்குத் தெரியும். வங்கிக்கு யார் வாங்குவார்கள், அதுவும் ஒன்றரைக் கோடி போன கையோடு?

வக்கீலின் முயற்சி நம்பியிருந்தது நகரத்தார்களின் ஆதரவை. தலைமுறை தலைமுறையாக லேவாதேவி செய்தவர்கள். தம் பணத்தைத் தம் ஏட்டில், தம் ஆளை வைத்துப் பார்த்துப் பழகியவர்கள். அயலார் கையில் முதலைக் கொடுத்துவிட்டு வட்டிக்குக் காத்திருப்பது அவர்கள் வழக்கமல்ல.

பெட்டிச் சாவி அவர்கள் இடுப்பில். வக்கீலுக்கு அதைத் திறந்தார்களா?

(அடுத்த வாரம்)