வெளியே வரும் வழி

1955 மே 22. மொனாக்கோ கிராண்ட் பிரீயில் இன்னும் இருபது சுற்றுபோல்தான் பாக்கி. துறைமுகத்தை ஒட்டிய திருப்பத்தில் ஆல்பெர்ட்டோ அஸ்காரியின் லான்சியா பிடி நழுவி, வைக்கோல் கட்டுகளைப் பிய்த்துக்கொண்டு நேரே கடலில் விழுந்தது. கரையில் நின்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தார்கள். வெளிர்நீல ஹெல்மெட் ஒன்று மேலே வந்தது. மூக்கில் அடி, அவ்வளவுதான். இரண்டு முறை உலக சாம்பியனான மனிதர் நீந்திப் போய்ப் படகேறினார்.

அவர் உடம்பில் சீட் பெல்ட் கிடையாது. அந்தப் பந்தயத்தில் அது யாருக்குமே வழக்கமில்லை.

நான்கு நாள் கழித்து மோன்சாவில் ஒரு ஸ்போர்ட்ஸ் ஃபெராரியைச் சும்மா சில சுற்றுகள் ஓட்டிப் பார்க்கலாமென்று அஸ்காரி ஏறினார். ராசியான நீல ஹெல்மெட் கையில் இல்லை; இரவல் வாங்கி மாட்டிக்கொண்டார். வண்டி உருண்டு அவரை வெளியே எறிந்தது. இம்முறை விழுந்த இடம் தண்ணீர் அல்ல, தார்ச்சாலை.

விபத்து நடந்தால் காருக்குள் கட்டுண்டு கிடப்பது நல்லதா, வெளியே எகிறி விழுவது நல்லதா? அக்காலத்து ஓட்டுநர்களில் பெரும்பாலோர் யோசிக்காமல் சொன்ன பதில், எகிறி விழுவதுதான். இன்று கேட்டால் பைத்தியக்காரத்தனமாகப் படும். ஆனால் அவர்கள் உட்கார்ந்திருந்த வண்டியைப் பார்த்தால் அதிலிருந்த நியாயம் புரியும். இடப்பக்கமும் வலப்பக்கமும் முதுகுக்குப் பின்னாலும் பெட்ரோல். அதை மூடியிருந்தது மெல்லிய தகடு. ஃபார்முலா 1, இண்டி கார் வகை வண்டிகளில் சக்கரத்துக்கு மூடி இல்லை, ஓட்டுநர் தலைக்குக் கூரையும் இல்லை. முன்னால் போகும் காரின் பின்சக்கரம் பின்புறத்தில் மேல்நோக்கிச் சுழல்கிறது. பின்னால் வருபவரின் முன்சக்கரம் அதில் உரசினால் அது அப்படியே கவ்வி ஆகாயத்தில் தூக்கிவிடும். தலைகீழாய் விழுந்த எண்ணெய்ப் பீப்பாய்க்குள் யார் கட்டுண்டு கிடப்பார்?

அனுபவமும் இரு பக்கத்துக்கும் சாட்சி சொன்னது. 1952இல் மோன்சாவில் எகிறி விழுந்த ஃபாங்கியோ கழுத்தெலும்பு முறிந்தும் பிழைத்து, பிறகு நான்கு முறை சாம்பியன் ஆனார். 1959 ஆகஸ்டில் பெர்லினின் ஆவுஸ் தடத்தில் ஒரே வார இறுதியில் இரண்டு பேர் எகிறினார்கள். சனிக்கிழமை போர்ஷேயிலிருந்து வீசப்பட்ட ஜான் பெஹ்ரா கொடிக்கம்பத்தில் மோதி இறந்தார். மறுநாள் ஹான்ஸ் ஹெர்மனின் பிஆர்எம் குட்டிக்கரணம் போட்டு நொறுங்கியது. அவரோ சாலையில் சறுக்கிக்கொண்டே தன் கார் பறப்பதைப் பார்த்தார். அந்தப் புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. கொடிக்கம்பத்தைப் படமெடுத்து யாரும் சுவரில் மாட்டுவதில்லை. பிழைத்தவர் கதை சொல்கிறார், போனவர் சொல்வதில்லை. எகிறி விழும் சித்தாந்தம் அவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

1966இல் பெல்ஜியத்தின் ஸ்பாவில் ஜாக்கி ஸ்டூவர்ட்டுக்கு எகிறி விழும் யோகம் வாய்க்கவில்லை. ஸ்பா அன்று கிராமங்களுக்கு நடுவே ஓடும் சுமார் 14 கிலோமீட்டர் பொதுச்சாலை. புறப்பட்ட இடத்தில் தரை காய்ந்திருந்தது; முதல் சுற்றின் மறுகோடியில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பல கார்கள் அந்த ஒரே சுற்றில் தடம்புரண்டன. ஸ்டூவர்ட்டின் பிஆர்எம் ஒரு தந்திக்கம்பத்தையும் விறகுவெட்டியின் குடிசையையும் இடித்துக்கொண்டு போய் ஒரு பண்ணை வீட்டருகே நசுங்கி நின்றது. ஸ்டியரிங் வளையம் அவர் காலை அழுத்திப் பிடித்திருந்தது. உடம்பெல்லாம் பெட்ரோல். ஒரு தீப்பொறி போதும்.

காப்பாற்ற வந்தவர்கள் தீயணைப்பு வீரர்களோ மருத்துவர்களோ அல்ல. அதே மழையில் தாங்களும் வழுக்கி வெளியேறியிருந்த கிரஹாம் ஹில்லும் பாப் பாண்டுரான்ட்டும்தான். ஸ்டியரிங்கைக் கழற்ற அவர்களிடம் கருவி இல்லை. வேடிக்கை பார்க்க வந்தவரின் வண்டியிலிருந்து ஸ்பானர் இரவல் வாங்கினார்கள். ஸ்டூவர்ட் வெளியே வர இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. முதலுதவி இடத்தில் ஸ்ட்ரெச்சரோடு தரையில் கிடத்தினார்கள், சுற்றிலும் சிகரெட் துண்டுகள். லியேஜ் மருத்துவமனைக்குப் புறப்பட்ட ஆம்புலன்ஸ் வழிகாட்டிப் போன போலீஸ் வண்டியைத் தவறவிட்டுப் பாதை மாறிப் போனது.

அதன் பிறகு ஸ்டூவர்ட் ஸ்டியரிங் அருகிலேயே ஒரு ஸ்பானரை டேப் போட்டு ஒட்டிக்கொண்டுதான் பந்தயத்துக்குப் போனார். ஃபார்முலா 1 வரலாற்றில் முதல் உருப்படியான பாதுகாப்புக் கருவி அதுதான் என்று சொன்னால் பெரிய மிகையில்லை. பெல்ட், இரும்புத் தடுப்பு, தயாராக நிற்கும் மருத்துவர்கள் என்று அவர் கேட்கத் தொடங்கியபோது கோழை என்ற பெயர்தான் கிடைத்தது. அவருடைய நண்பர்கள் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கல்லறைக்குப் போய்க்கொண்டிருந்தன. 1967 மொனாக்கோவில் லொரென்சோ பாண்டினியின் கார் கவிழ்ந்து எரிந்தது. பாதுகாப்புக்கென்று அடுக்கிய வைக்கோல் கட்டுகளே அதற்கு விறகாயின. 1968 ஏப்ரல் 7 அன்று ஹாக்கன்ஹைமில் ஜிம் கிளார்க் மரத்தில் மோதி இறந்தார். கிளார்க்குக்கே இந்தக் கதியென்றால் நம்மில் யார் மிச்சம் என்ற பயம் அன்று முழுப் பந்தய உலகத்தையும் பிடித்தது.

பெல்ட் வந்தது. ஆனால் தீயின் மீதான பயம் போகவில்லை. 1970 செப்டம்பர் 5, மோன்சா, தகுதிச்சுற்றுக்கான ஓட்டம். யோகன் ரின்ட்டின் லோட்டஸ் 72 தடுப்பில் மோதியது. அவர் தோள் பட்டைகளைப் போட்டிருந்தார். தொடைகளுக்கு நடுவே வரும் பட்டையைப் போடுவதில்லை. தீப்பிடித்தால் சட்டென்று எழுந்து ஓட வேண்டுமே என்ற கணக்கு. மோதிய வேகத்தில் உடம்பு கீழ்நோக்கிச் சறுக்கி, பெல்ட் கொக்கியே கழுத்தில் பாய்ந்தது. அந்த ஆண்டு அவர் சேர்த்த புள்ளிகளை மீதிப் பந்தயங்களில் யாராலும் எட்ட முடியவில்லை. இறந்தபின் சாம்பியன் ஆனவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். 1972 முதல் முழுப் பட்டையும் கட்டாயமானது.

அடுத்த ஆண்டே அவர் பயந்ததற்கும் நியாயம் இருந்தது தெரிந்தது. 1973 ஜூலை 29, நெதர்லாந்தின் சாண்ட்ஃபோர்ட். ரோஜர் வில்லியம்சனுக்கு அது இரண்டாவது ஃபார்முலா 1 பந்தயம். அவர் கார் தலைகீழாகக் கவிழ்ந்து தீப்பிடித்தது. பின்னால் வந்த டேவிட் பர்லி தன் காரை நிறுத்தி இறங்கி ஓடி, ஒற்றை ஆளாய் அதைப் புரட்டப் பார்த்தார். தீயணைப்பானைப் பிடுங்கி அடித்தார். தடத்தில் நின்ற பணியாளர்களுக்குத் தீ தாங்கும் உடை இல்லை, நெருங்க முடியவில்லை. பந்தயம் நிற்கவில்லை. கடந்து போனவர்கள் சாலையோரம் நின்ற பர்லியைப் பார்த்து, எரியும் கார் அவருடையது, ஆள் தப்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டார்கள். பிரிட்டன் பர்லிக்கு ஜார்ஜ் பதக்கம் கொடுத்தது. தோற்றுப்போய்த் தலை குனிந்து திரும்பி நடக்கும் அவரை டெலிவிஷனில் பார்த்தவர்களுக்குப் பதக்கம் ஞாபகத்தில் நிற்காது.

1976இல் நூர்பர்க்ரிங்கில் நிக்கி லாவ்டாவைத் தீயிலிருந்து இழுத்துப் போட்டவர்களும் சக ஓட்டுநர்கள் நால்வர்தான். ஆர்ட்டூரோ மெர்சாரியோ தீக்குள் கையை விட்டு பெல்ட்டைக் கழற்றினார். 22.8 கிலோமீட்டர் நீளமுள்ள தடத்துக்கு மூலைக்கு மூலை ஆம்புலன்ஸ் வைக்க எந்த அமைப்பாளராலும் முடியாது. 1978இல் மோன்சாவில் ரோனி பீட்டர்சன் கால்கள் நொறுங்கிய நிலையில், சக ஓட்டுநர்களால் வெளியே எடுக்கப்பட்டு மறுநாள் மருத்துவமனையில் இறந்தார். மருத்துவப் பொறுப்பை அந்த ஆண்டுதான் ஏற்றிருந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சிட் வாட்கின்ஸ் விபத்து நடந்த இடத்துக்குப் போகப் பார்த்தபோது போலீஸ் வளையம் அவரையே தடுத்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் கேட்டு வாங்கிய ஏற்பாடு எளிமையானது: முதல் சுற்றில், எல்லாக் கார்களுக்கும் பின்னால், மருத்துவரை ஏற்றிய ஒரு கார் ஓடும். இந்தக் காரை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

1981இல் மெக்லாரன் கார்பன் ஃபைபர் உடலைக் கொண்டுவந்தது. அது உடைந்தால் கண்ணாடிபோல் சிதறும் என்று கிண்டலடித்தவர்கள் உண்டு. அதே ஆண்டு மோன்சாவில் ஜான் வாட்சனின் கார் பின்பாதி பிய்ந்துபோகுமளவு மோதியது. அவர் இறங்கி நடந்து போனார். பேச்சு அடங்கிற்று. 1982க்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் எந்த கிராண்ட் பிரீயிலும் சாவு விழவில்லை. இனி விழாது என்றே நம்பிவிட்டார்கள்.

1994 இமோலாவில் சனிக்கிழமை ரோலண்ட் ராட்சன்பெர்கர், ஞாயிற்றுக்கிழமை அயர்ட்டன் சென்னா. சென்னாவின் காரில் ஓர் ஆஸ்திரியக் கொடி கிடைத்தது. ராட்சன்பெர்கரின் நினைவாக வெற்றிக்குப் பின் விரிக்க வைத்திருந்தது. சென்னாவைச் சுற்றியிருந்த கூடு பெரிதாகச் சிதையவில்லை. பிய்ந்து வந்த சக்கரமும் சஸ்பென்ஷன் துண்டும்தான் தலையைத் தாக்கின. உடம்பைக் காக்க ஆகவேண்டியது ஏறக்குறைய ஆகிவிட்டது, மிச்சமிருப்பது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தலைதான் என்பது அன்று புலப்பட்டிருக்க வேண்டும். காக்பிட்டின் பக்கச் சுவர்களை உயர்த்தினார்கள். கழுத்து முன்னே ஒடியாமல் பிடிக்கும் ஹான்ஸ் பட்டை 2003இல் கட்டாயமானது. 2009 ஜூலையில் ஒரே வாரத்துக்குள் கழன்று வந்த சக்கரம் பட்டு ஹென்றி சர்டீஸ் இறந்தார், ஒரு ஸ்பிரிங் பட்டு ஃபெலிப்பே மாஸா படுகாயமடைந்தார். 2012 அபுதாபியில் கோயம்புத்தூர்க்காரர் நாராயண் கார்த்திகேயனின் கார் கோளாறால் திடீரென்று வேகம் குறைய, பின்னால் வந்த ரோஸ்பர்க்கின் மெர்சிடிஸ் அவர் மீதேறிப் பறந்து போயிற்று. ஹெல்மெட்டுக்கும் அதற்கும் இருந்த இடைவெளியை இன்று அந்தப் படத்தில் பார்த்தாலும் வயிற்றைக் கலக்கும்.

2018இல் ஹேலோ வந்தது. ஓட்டுநரின் தலையைச் சுற்றி டைட்டானிய வளையம், முன்னால் ஒற்றைக் கால். ரசிகர்கள் அதை ரப்பர் செருப்பின் வார் என்றார்கள். மெர்சிடிஸ் அணித் தலைவர் டோட்டோ வொல்ஃப், ரம்பம் கிடைத்தால் அறுத்துவிடுவேன் என்கிற மாதிரிப் பேசினார். தீயில் வெந்து மீண்ட லாவ்டாவே அதை எதிர்த்தார். எதிர்ப்பில் பாதி அழகைப் பற்றியது. மறுபாதி அந்தப் பழைய கேள்விதான்: கவிழ்ந்து தீப்பிடித்தால் இந்தக் கம்பிக்குள்ளிருந்து எப்படி வெளியே வருவது? ஐந்து விநாடியில் இறங்க வேண்டும் என்றிருந்த விதியை ஏழு விநாடியாகத் தளர்த்தவும் வேண்டியிருந்தது.

வளையத்தை விரும்பாதவர்களில் ஒருவர் ரொமெய்ன் குரோஷான். 2020 நவம்பர் 29, பஹ்ரைனில் முதல் சுற்றில் அவர் கார் மணிக்கு 192 கிலோமீட்டர் வேகத்தில் இரும்புத் தடுப்பில் மோதி இரண்டாகப் பிளந்தது. முன்பாதி தடுப்பைக் கிழித்து உள்ளே செருகி நின்றது, உடனே தீக்கோளம். தடுப்புக் கம்பிகளை அவர் தலைக்கு மேலே நெம்பி ஒதுக்கியது அந்தச் செருப்பு வார்தான். எழப் பார்த்தார், முடியவில்லை. அந்த நெருப்புக்குள் லாவ்டாவின் நினைவு வந்ததாகப் பிறகு சொன்னார். இடது கால் மாட்டியிருந்தது. ஷூவை அங்கேயே விட்டுக் காலை உருவிக்கொண்டு, 27 விநாடி கழித்துத் தடுப்பின் மேல் ஏறினார். அங்கே கை கொடுக்க ஒரு மருத்துவர் நின்றிருந்தார். முதல் சுற்றில் பின்னால் வரும் அந்தக் காரில் வந்தவர் அவர்.

இதோடு கதையை முடித்துவிட்டால் வசதியாக இருக்கும். ஆனால் ஸ்பா இருக்கிறது. 2019இல் அங்கே ஃபார்முலா 2 பந்தயத்தில் அந்துவான் ஹூபேரின் காரைப் பக்கவாட்டில் மற்றொரு கார் தாக்க, அவர் இறந்தார். 2023 ஜூலை 1, மழை. நீளமான நேர்ச்சாலையில் கார்கள் கிளப்பிய நீர்ப்புகைக்குள், குறுக்கே நின்றுவிட்ட 18 வயது டிலானோ வான் ட் ஹோஃபின் கார் மீது பின்னால் வந்த கார் மோதியது. பெல்ட், கார்பன் கூடு, ஹேலோ எல்லாமே இருந்தன. இறங்கி ஓட அவகாசம்தான் இல்லை.

மழை நாள்களில் மட்டும் திறந்த சக்கரங்களுக்கு மேல் மூடி போட்டால் புகை அடங்குமா என்று சர்வதேச மோட்டார் கூட்டமைப்பு அதே மாதம் சில்வர்ஸ்டோனிலும், மறு ஆண்டு ஃபெராரியின் ஃபியோரானோ தடத்திலும் ஓட்டிப் பார்த்தது. போதுமான அளவு குறையவில்லை. காரின் அடித்தளம் சாலையிலிருந்து உறிஞ்சித் தூக்கும் தண்ணீருக்குச் சக்கர மூடியால் ஒன்றும் செய்ய முடியவில்லை.