பல்லாவரம் மலையும் எங்கள் ஜியாலஜி வகுப்பும்

சிவில் இரண்டாம் ஆண்டு. ஜியாலஜி லேபில் மாதிரித் தேர்வு. மேஜைமேல் வரிசையாகக் கற்கள். சார் ஒரு கறுத்த கல்லை என் முன்னால் நகர்த்தி, ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். பன்னிரண்டாவது வரை தமிழ்வழியில் படித்தவன் நான். கேள்வியே பாதிதான் புரிந்தது. திருதிருவென்று முழித்தேன்.

"எங்கேருந்துப்பா வர்றே?"

"பழவந்தாங்கல் சார்."

"அப்போ தினமும் ரயில்லேருந்து இந்தக் கல்லைப் பார்த்துக்கிட்டுத்தானே வர்றே! திரிசூலம், பல்லாவரம் மலையெல்லாம் இதுதான். பார்த்ததைத் தமிழ்லயே சொல்லு."

சொன்னேன். கறுப்பு, கொஞ்சம் நீலம் கலந்தது, எண்ணெய் தடவின மாதிரி மினுமினுப்பு, நல்ல கெட்டி. "இவ்வளவுதான்பா விடை. இதுக்கு இங்கிலீஷ்ல பேரு சார்னோக்கைட்" என்றார். அன்று முதல் ஜியாலஜி மீதிருந்த பயம் போயிற்று. 2006-ல் நடந்த இதை நண்பர்கள் பலர் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

அந்தப் பெயருக்கே ஒரு கதை உண்டு. கல்கத்தா நகரை நிறுவியவர் என்று சொல்லப்பட்ட ஜாப் சார்னாக் 1693-ல் இறந்தார். அங்கே செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்திலுள்ள அவரது கல்லறைக் கல் நம் பக்கத்து மலைக்கல். இதைக் கண்ட தாமஸ் ஹாலண்ட், 1893-ல் அந்தப் பாறை வகைக்கு அவர் பெயரையே சூட்டினார். இன்று உலகில் எங்கே இந்தப் பாறை கிடைத்தாலும் அதே பெயர்தான். சுமார் 250 கோடி ஆண்டு வயதுடைய நம் பரங்கிமலைப் பாறையைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். ஆனால் கல்லுடைத்துப் பிழைத்த நம் ஊர் ஜனங்களுக்கு அது என்றும் கருங்கல்தான்!

பல்லாவரத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1863 மே 30 அன்று, ராணுவ அணிவகுப்பு மைதானத்தருகே இருந்த சரளைக் குழியில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதனைப் பற்றிய ஆராய்ச்சி அங்கேதான் தொடங்கியது. அதற்கும் முன்னால், 1802-ல், இந்தியாவை அளக்கும் பெரும் பணிக்கு லாம்ப்டன் அடிக்கோடு போட்டதும் பரங்கிமலைப் பக்கத்தில்தான். உலகம் வந்து பாடம் படித்த இடத்தில் நாம் குடியிருக்கிறோம் என்றால் மிகையாகாது.

ஆனால் அந்தப் பாடம் நம் பிள்ளைகளுக்கு நம் மொழியில் கிடைக்க வெகு காலம் ஆயிற்று. பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்த சர்வே பள்ளி, 1794-ல் எட்டுச் சிறுவர்களோடு தொடங்கியது. பாடமொழி ஆங்கிலம். 1916-ல் ராஜாஜி சேலத்தில் நண்பர்களோடு அறிவியல் கலைச்சொற்களுக்காக ஒரு சங்கம் அமைத்தார். 1954 முதல் 1968 வரை பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக வந்தது. 1960-ல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்டப்படிப்பு ஆரம்பமானது. அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளைத் தமிழில் நடத்தத் தொடங்கியது 2010-ல். அதற்குள் நாங்கள் படிப்பை முடித்துவிட்டோம்.

ஆகவே எங்கள் வகுப்புக்குத் தமிழ்வழி என்று தனியாக எதுவும் இல்லை. இருந்தது சார் மட்டும்தான். வகுப்பிலோ செய்யாற்றுப் பையன், நெல்லூரிலிருந்து வந்த தெலுங்கு நண்பன், கான்வென்டில் படித்த பெண்கள் எல்லோரும் கலந்து இருந்தோம். ஒரு நண்பனுக்குப் பார்வை மிகக் குறைவு. மைக்ரோஸ்கோப்பில் பாறைச் சீவலைப் பார்க்கச் சொன்னால் அவன் என்ன செய்வான்?

சார் ஒரு துணிப்பை கொண்டு வந்தார். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டுக் கல்லைச் சொல்ல வேண்டும். சோப்பு போல வழுவழுப்பு என்றால் டால்க். பாட்டி வீட்டுக் கல்சட்டி நினைவுக்கு வரும், அதுதான் மாக்கல். அளவுக்கு மீறிக் கனத்தால் ஹெமடைட், இரும்புத் தாது. நகத்தால் ஏடு ஏடாக உரிந்தால் மைக்கா, நம் காக்காப்பொன். அந்தப் போட்டியில் யார் முதல் என்று சொல்லவும் வேண்டுமா? நாங்கள் தடுமாற, அந்த நண்பன் ஒன்றுவிடாமல் சொன்னான். நெல்லூர்க்காரன் தெலுங்குப் பெயர்களைச் சொல்ல, எல்லாம் ஒரே நோட்டில் ஏறியது. பரீட்சைக்கு ஆங்கிலப் பெயரை எழுதினோம். புரிந்துகொண்டது கையாலும் அவரவர் வாய்மொழியாலும்தான்.

இதன் அருமை எனக்கு வேலையில்தான் தெரிந்தது. 2015 டிசம்பர் 1-ம் தேதி பெய்த மழை, தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் மிதந்தன. அதற்குச் சில மாதம் முன்பு அந்தப் பக்கம் ஒரு வீட்டுக்கு மண் பரிசோதனை ரிப்போர்ட் கொடுத்திருந்தேன். மேலே களிமண், தண்ணீர் தேங்கும், தளத்தை உயர்த்திக் கட்ட வேண்டும் என்று எல்லாம் சரியாகவே எழுதியிருந்தேன். ஆங்கிலத்தில்! வீட்டுக்காரர் அதைப் பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு உயரத்துக்கே தளம் போட்டுவிட்டார். வெள்ளம் வடிந்தபின் போனபோது மேஸ்திரி சொன்னார்: "இது ஏரி உள்வாய் சார். எங்க தாத்தா இங்க மீன் புடிச்சிருக்காரு." அவரிடம் நான் முதலிலேயே கேட்கவில்லை. என் ரிப்போர்ட் வீட்டுக்காரருக்குப் புரிந்ததா என்றும் கேட்கவில்லை. நான் பிறந்து வளர்ந்த ஊரின் பெயரிலேயே 'தாங்கல்' இருக்கிறது. தாங்கல் என்றால் சிறு ஏரி. எனக்கே அது உறைக்கவில்லையே!

அன்று முதல் ஒவ்வொரு ரிப்போர்ட்டோடும் ஒரு பக்கம் தமிழில் எழுதி, வீட்டுக்காரர் எதிரில் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ஆங்கிலம் வரவில்லை என்று பின் பெஞ்சில் பதுங்காதீர்கள். ஆங்கிலத்தையும் கற்றுக்கொள்ளுங்கள், வேலைக்கு அது வேண்டும். ஆனால் அது வரும்வரை பாடம் காத்திருக்க வேண்டியதில்லை.

முன்னாள் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். லேபில் உள்ள கற்களுக்குத் தமிழ், ஆங்கிலம், தெலுங்கு, பிரெய்ல் நான்கிலும் பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டும் என்பது என் ஆசை. சீட்டு எழுதும் பொறுப்பு என்னுடையது. நீங்கள் அடுத்த சந்திப்புக்கு வரும்போது, வேலை செய்யும் ஊரிலிருந்து ஒரே ஒரு கல் கொண்டு வாருங்கள். அந்த ஊர்க்காரர்கள் அதை என்ன பெயரிட்டுக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் மறக்காமல் கேட்டு வாருங்கள்.