2026: தென்காசி, குற்றாலம் பகுதியில் கவனிக்க வேண்டிய சுற்றுச்சூழல், அறிவியல் செய்திகள்

இந்த ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் மே மாதக் கடைசியில் வருகிறது. பெருநாள் கழிந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அருவிக்குப் போவது நம் பகுதியில் பலருக்கும் வழக்கம். ஆனால் மே மாதம் குற்றால சீசன் அல்ல. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கி, சாரல் விழுந்த பிறகுதான் சீசன். அதற்கு முந்தைய கோடை மழைக்காலத்தில்தான் எச்சரிக்கை அதிகம் தேவை.

2024 மே 17 அன்று நடந்ததை மறந்திருக்க மாட்டோம். பழைய குற்றாலம் அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறியடித்து ஓடினார்கள். 17 வயது மாணவர் ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்.

நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். மலைச்சரிவு செங்குத்தானது, பாறையில் தண்ணீர் ஊறாது. பல ஓடைகளின் நீர் ஒரே நேரத்தில் சேர்ந்து சில நிமிடங்களில் கீழே வந்துவிடும். தண்ணீர் கலங்கினாலோ, இலை, சுள்ளி, மண் அடித்துவந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே வெளியேற வேண்டும். செருப்பையும் துணியையும் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. ஆண்களும் பெண்களும் தனித்தனியே குளிக்கும் இடங்களில், சிறுபிள்ளைகள் யார் பொறுப்பில், பிறகு எங்கே சேருவது என்பதை இறங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். அத்தாவிடம் இருக்கிறான் என்று அம்மாவும், அம்மாவிடம் இருக்கிறான் என்று அத்தாவும் நினைத்துக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது.

பருவமழை பற்றிய முதல் முன்கணிப்பை இந்திய வானிலை ஆய்வு மையம் ஏப்ரல் நடுவில் வெளியிடும். பசிபிக் கடலில் எல் நினோ உருவானால் தென்மேற்கு மழை பெரும்பாலும் குறையும், சீசன் மெலியும்; வடகிழக்கு மழை கூடவும் வாய்ப்புண்டு. 2023 எல் நினோ ஆண்டுதான். அந்த டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் 56,825 சதுர கி.மீ. பரப்பைச் சூழலியல் கூருணர்வுப் பகுதியாக அறிவிக்கும் ஆறாவது வரைவு, 2024 ஜூலை 31 அன்று, வயநாடு நிலச்சரிவுக்கு மறுநாள் வெளியானது. தமிழகத்தின் பங்கு சுமார் 6,914 ச.கி.மீ. இறுதியானால் அப்பகுதிகளில் குவாரிகளுக்கும் மணல் அள்ளவும் தடை வரும். புளியரை வழியே கல்லும் எம்-சாண்டும் ஏற்றிச் செல்லும் லாரிகளைத் தினமும் பார்க்கும் நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. பட்டியலில் எந்தெந்தக் கிராமங்கள் என்பதையாவது பார்த்து வையுங்கள்.

மார்ச் 3, ரமளான் நடுவில், சந்திர கிரகணம். முழு மறைப்பு மாலை 5.33 மணிக்கே முடிந்துவிடும். நமக்கு அப்போது நிலா உதித்திருக்காது. ஆனால் பகுதி மறைப்பு 6.47 வரை நீடிப்பதால், நோன்பு திறக்கும் வேளையில் கிழக்கே உதிக்கும் நிலாவில் ஓரம் மறைந்திருப்பதைக் கொஞ்ச நேரம் காணலாம். தென்காசிக்கு மலை மேற்கே இருப்பதால் மறைப்பில்லை. வெறும் கண்ணால் பார்க்கலாம். கிரகணத் தொழுகைக்கு ஏற்பாடு செய்யும் பள்ளிவாசல்கள் நேரத்தை முன்கூட்டியே அறிவித்தால் நல்லது. இஃப்தார், மஃரிப் இரண்டும் அதே வேளையில் வருகின்றன.