நீரின் வெம்மையும் நீந்துவோர் உடலும்

புனலாடுதல் தமிழர்க்குப் புதிதன்று. வைகைப் புதுப்புனலில் மதுரை மக்கள் ஆடிக் களித்த செய்தியைப் பரிபாடல் விரித்துரைக்கும். அம்மரபில் வந்தோர் தோட்டங்களிலும் இருப்புப்பாதைப் பணியிலும் உழைக்கக் கிள்ளான் பள்ளத்தாக்கில் குடியேறியபோது, இங்கும் பலவகை நீர்நிலைகளைக் கண்டனர். செத்தாப்பாக்கில் வெந்நீரூற்று உண்டு. 'ஆயர் பானாஸ்' என்னும் அவ்விடப்பெயரே மலாய்மொழியில் வெந்நீரைக் குறிக்கும். செலாயாங்கிலும் அத்தகைய ஊற்று உள்ளது. டெம்பிளர் பூங்காவின் மலையருவியோ நண்பகலிலும் குளிர்ந்திருக்கும். ஈயம் தோண்டிய பள்ளங்களில் நீர் நிறைந்து உண்டான குட்டைகள் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவை. இவற்றுள் நீந்துவதற்கு இதமானது எவ்வகை நீர்?

இவ்வினாவிற்கு விடை மனித உடலில் உள்ளது. உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ் ஆகும். நீர், காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தவல்லது. ஆதலால், 28 பாகைக் காற்றில் பிரிக்பீல்ட்ஸ் தெருவில் நடப்பவனுக்கு வியர்க்கும். அதே 28 பாகை நீரில் நெடுநேரம் அசையாதிருப்பவனுக்குக் குளிரெடுக்கும். அசையாதிருப்போர்க்கு 33 பாகையை ஒட்டிய நீரே இதமானது. நீந்துவோரின் தசைகள் தாமே வெப்பத்தை உண்டாக்குவதால், அவர்க்கு நீர் அதனினும் தண்மையாக இருத்தல் வேண்டும். பொழுதுபோக்காக நீந்துவோர்க்கு 27 முதல் 29 பாகை வரை ஏற்றதென்பர். போட்டிக் குளங்களுக்கோ அனைத்துலக விதி 25 முதல் 28 பாகை வரை என வரையறுத்துள்ளது. 1998இல் காமன்வெல்த் நீச்சற்போட்டிகள் நிகழ்ந்த புக்கிட் ஜாலில் குளம் இத்தகைய போட்டிக் குளமே.

குளத்தை விடுத்துக் கடலில் நீந்துவோர்க்கு இத்தகைய காப்பு இல்லை. வல்வெட்டித்துறையில் பிறந்த ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையை இருவழியும் 51 மணி நேரத்தில் நீந்திக் கடந்தார். அது வெதுவெதுப்பான கடல். 1984 ஆகஸ்டு 6ஆம் நாள் ஆங்கிலக் கால்வாயை நீந்த முற்பட்ட அவர், அம்முயற்சியிலேயே உயிர் நீத்தார். கோடையிலும் அக்கால்வாயின் நீர் 18 பாகையை ஒட்டியே நிற்கும். அங்கு அலையோடு குளிரும் நீந்துவோர்க்குப் பகையாகும். வெம்மையும் அவ்வாறே அஞ்சத்தக்கது. 2010இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் புஜைராவில், வெப்பமிகு கடலில் நடைபெற்ற 10 கிலோமீட்டர் போட்டியில் அமெரிக்க வீரர் பிரான் கிரிப்பன் மாண்டார். அதன் பின்னரே கடற்போட்டிகளுக்கு 31 பாகை மேல் எல்லையாக விதிக்கப்பட்டது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் சிறுவர்க்கு ஆங்கிலக் கால்வாய் தொலைவானது. ஈயக்குட்டையோ அண்மையில் உள்ளது. அதன் மேல்நீர் கதிரவனால் இதமாயிருக்கும், ஆழ்நீர் குளிர்ந்திருக்கும், கரையோ திடீரெனச் சரியும். கையால் தொட்டுப் பார்த்து, இதமென நம்பி இறங்கிய இளையோரை அக்குட்டைகள் பலமுறை பலிகொண்டுள்ளன. நீர் இதமாயிருப்பது வேறு, தீங்கற்றிருப்பது வேறு என்பதை நீச்சலோடு சேர்த்தே மாணவர்க்குக் கற்பித்தல் ஆசிரியர்தம் கடனாகும்.