ஷாம்பு என்ற சொல்லின் முதற்பொருள்

மடவார் வளாகத்துப் பெட்டிக்கடைகளில் ஷாம்பு பொட்டலங்கள் சரஞ்சரமாகத் தொங்கக் காண்கிறோம். அச்சொல் தலைமுடியோடு ஒட்டிக்கொண்டது பிற்காலத்தில்தான். இந்துஸ்தானியில் ‘சாம்போ’ என்றால் ‘அழுத்து, பிடித்துவிடு’ என்னும் ஏவல். 18ஆம் நூற்றாண்டில் இந்நாட்டுக்கு வந்த ஆங்கிலேயர், உடம்பு பிடித்துவிடுவதையே ‘ஷாம்பு’ என்று எழுதினர். நூறாண்டு கழிந்த பின்னரே அது தலை கழுவுதலுக்குப் பெயராயிற்று.

இந்தச் சொல்லை இங்கிலாந்தில் ஊரறியச் செய்தவர் நம்மவர். 1759இல் பாட்னாவில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த ஷேக் தீன் முஹம்மது. தந்தை கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் பணிபுரிந்து இறந்துவிட, சிறுவர் ஓர் ஐரிஷ் அதிகாரியோடு படைமுகாம்களில் வளர்ந்தார். 1784இல் அவருடனேயே அயர்லாந்தின் கார்க் நகருக்குச் சென்றார். அங்கே ஜேன் டேலி என்னும் பெண்ணை மணந்து, கிறிஸ்தவச் சபையில் சேர்ந்தார் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1794இல் அவர் வெளியிட்ட பயண நூலே இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய முதல் நூல். 1810இல் லண்டனில் இந்திய உணவகம் திறந்தார். இரண்டே ஆண்டுகளில் கடனாளியானார்.

ஐம்பது வயதைக் கடந்த நிலையில், கையில் முதல் இல்லாதவருக்கு என்ன மிச்சம்? கைகள்தாம். பிரைட்டன் என்னும் கடற்கரை நகரில் நீராவிக் குளியலும் உடம்பு பிடித்தலும் தொடங்கினார். நோயாளி கம்பளித் துணியாலான கூடாரத்துக்குள் மூலிகை ஆவியில் வேர்த்தபடி இருப்பார். வெளியில் நிற்பவர் துணியில் அமைந்த திறப்புகளின் வழியே கைகளை நுழைத்துப் பிடித்துவிடுவார். முதலில் நகைத்தவர்கள் பின்னர் வரிசையில் நின்றார்கள். குணமானோர் விட்டுச்சென்ற ஊன்றுகோல்கள் குளியலகச் சுவரில் தொங்கின. நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் ஆகிய மன்னர் இருவரும் அவரைத் தம் ‘ஷாம்பு மருத்துவர்’ ஆக்கினர். 1851இல் அவ்வூரிலேயே காலமானார்.

இக்கலையை அவர் கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே இப்னு ஸீனா (980–1037) தம் ‘அல்கானூன்’ நூலில் இதனை வகைப்படுத்திவிட்டார்: வன்மையாகத் தேய்த்தால் உடல் இறுகும், மென்மையாகத் தேய்த்தால் தளரும், அளவு மிஞ்சினால் மெலியும். உழைப்புக்கு முன் செய்வது வேறு, உழைத்துக் களைத்தபின் செய்வது வேறு என்றும் பிரித்தார். யுனானி மருத்துவத்தில் இன்றும் ‘தல்க்’ என்ற பெயரில் இது ஒரு சிகிச்சை முறை.

அதற்கும் முந்திய செய்தி ஒன்றைத் தப்ரானீ பதிவு செய்துள்ளார். உமர் (ரலி) அவர்கள் உள்ளே சென்றபோது, நபி (ஸல்) அவர்களின் முதுகை ஒரு சிறுவர் பிடித்துக்கொண்டிருந்தார். உடல்நலமில்லையா என்று உமர் (ரலி) கேட்க, முந்திய இரவு ஒட்டகம் தம்மைத் தள்ளிவிட்டதாக நபியவர்கள் கூறினார்கள். வலியை ஒளிக்கவுமில்லை, பிறர் கை தம் முதுகில் படுவதைக் குறைவாக நினைக்கவுமில்லை.

நம் பகுதியில் முதுகு வலிக்குப் பஞ்சமில்லை. இராஜபாளையத்து நூற்பாலைகளிலும், மருத்துவத் துணி நெய்யும் சத்திரப்பட்டித் தறிகளிலும் நாள் முழுதும் நின்றவர்கள் இரவில் நிமிர்ந்து படுக்க முடியாமல் புரள்கிறார்கள். நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி, முதுகெலும்பின்மேல் அழுத்தாமல் அதன் இரு புறமும் இடுப்பிலிருந்து தோள்வரை உள்ளங்கையால் மெல்ல ஏற்றினால் போதும். இப்னு ஸீனா சொன்ன மென்மை அதுவே. கால் மரத்துப்போனாலோ, விழுந்து அடிபட்டிருந்தாலோ தொடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

ஒன்று மட்டும் கண்டிருக்கிறோம். இஷாவுக்குப் பிறகு அருகில் அமர்ந்தால், “வேண்டாம்ப்பா, உனக்குக் கை வலிக்கும்” என்று அத்தா முதலில் மறுப்பார். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் உறங்கியிருப்பார்.